இறந்துபோன இரேனா வணக்கம் சொன்னாள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரு கப்பன் பூங்காவில் மூங்கில் புதருக்குக் கீழே ஒரு பழைய பெட்ஷீட். பெட்ஷீட்டின் மேல் என் நண்பன் மனோகர். மனோகரின் மடியில் ஒரு துண்டு. துண்டின் மேல் இரண்டு காமிக்ஸ் புத்தகங்கள். இரண்டும் ஒரே புத்தகம்தான். ஒன்று அவனுடையது, மற்றது என்னுடையது.

தன் புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்டினான். என் புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்டினான். மறுபடி அவனுடையது, மறுபடி என்னுடையது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் டாக்டர் நம்மிடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு 'ம்' போடுவாரே, அப்படி ஒரு 'ம்' போட்டான்.

"இன்னா குரு, ஹீரோ பருந்து கதவத் தொறக்குறான் இல்ல? உன் புக்குல வெளிய யாரு நிக்கறது?"

"யாரும் இல்ல. சவப்பெட்டிதான். அதத்தானே விமர்சனத்துல கிழிகிழின்னு கிழிச்சேன்."

"என் புக்குல கதவத் தொறந்தா அந்த இரேனா பொண்ணு உசுரோட நிக்குது. சிரிச்சிக்கினே வணக்கம் சொல்லுது."

என் வயிற்றுக்குள் ஒரு லிஃப்ட் கேபிள் அறுந்து இறங்கியது. அது தரைத்தளத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நடந்ததையெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

சலூனில் பெற்ற கல்வி

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக: பெயர் ஏகாம்பரம். சொந்த ஊர் திருப்பத்தூர். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். அதாவது, மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குபவன். அதே வேலையை வீட்டில் சம்பளமில்லாமல் செய்யப்போய் ரசத்தில் ஒரு முறை பிழை கண்டுபிடித்தேன். அதன் விளைவுகளைச் சென்ற வாரம் எழுதினேன். என் மனைவி மல்லிகா அதையும் படித்துவிட்டாள். அதன் விளைவுகளை எழுதுவதாக இல்லை.

காமிக்ஸ் பைத்தியம் எனக்குப் பிடித்தது திருப்பத்தூரில் ஒரு சலூனில். அங்கே பெஞ்சின் மேல் ஒரு கட்டு படக்கதைகள் கிடக்கும். எதிலும் முதல் எட்டுப் பக்கமும் கடைசி எட்டுப் பக்கமும் இருக்காது. சவரக்கத்தியைத் துடைக்கக் கடைக்காரர் கிழித்துக்கொள்வார். செத்தது யார் என்றே தெரியாமல் கொலைகாரனைத் தேடுவோம். கொலைகாரன் பிடிபடும் பக்கத்தில் சோப்பு நுரையோடு யாரோ ஒருவருடைய தாடி இருக்கும்.

இதனால் எனக்குள் ஒரு தனித்திறமை வளர்ந்தது. கதை எங்கே தொடங்கினாலும், எங்கே குதித்தாலும், நடுவில் இருக்கும் பள்ளத்தை நானே மண் கொட்டி நிரப்பிவிடுவேன். 'இதுகூடப் புரியலையா?' என்று மற்றவர்களுக்கு விளக்கமும் சொல்வேன். முப்பது வருடமாக இந்தத் திறமையைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பார்சல் வரும் நாள்

தெற்கே ஒரு சின்ன ஊரிலிருந்து வெளிநாட்டு காமிக்ஸ்களைத் தமிழில் பதிப்பிக்கிறார் ஒருவர். நாங்கள் எல்லோரும் அவரை 'ஆசிரியர்' என்றுதான் சொல்வோம். வருடச் சந்தா கட்டினால் மாதம் ஒரு பார்சல். என் பார்சல் ஆபீசுக்கு வரும். வீட்டுக்கு வந்தால் 'இதை வைக்க இடம் எங்கே?' என்ற கேள்வியும் கூடவே வரும் என்பதால் இந்த ஏற்பாடு.

வரவேற்பறையில் செக்யூரிட்டி என்னைப் பார்த்ததும் கூவுவார்: "ஏகாம்பரம் சார்! நிம்ம பொம்மே புஸ்தகா பந்திதே!"

பொம்மைப் புத்தகம் வந்திருக்கும் செய்தி இப்படியாக மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும். எனக்கு வயது நாற்பத்தேழு. என் மேனேஜருக்கு இருபத்தொன்பது. என்னை அவர் பார்க்கும் பார்வையில், இந்த ஆளுக்கு டயப்பர் மாற்றி விட்டிருக்கிறார்களா என்ற சந்தேகம் இருக்கும்.

பார்சலைப் பிரித்ததும் முதலில் மோந்து பார்க்க வேண்டும். அட்டைக்குத் தனியாக, உள்தாளுக்குத் தனியாக. படிப்பதெல்லாம் பிறகு. அன்றைக்கு மட்டும் எனக்கு வயிறு சரியிருக்காது; மணிக்கு ஒரு தடவை பாத்ரூமுக்குப் போய் இருபது நிமிடம் கழித்து வருவேன். டீமில் இரண்டு பேர் நல்ல டாக்டர்களின் நம்பர்கூடக் கொடுத்தார்கள்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. வாசகர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு. ஐம்பது அறுபது பேர் இருப்போம். புதுப் புத்தகத்துக்கு முதல் கருத்து யார் போடுகிறார்களோ, அந்த மாதம் முழுக்க அவர்தான் ராஜா. 'எலெக்ட்ரானிக் சிட்டி ஏகாம்பரம்' என்ற பெயரில் ஒன்றரை வருடமாக அந்த நாற்காலியை யாருக்கும் விட்டதில்லை.

மனோகர் எனக்கு நேர் எதிர். ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவன், ஆட்டோ எலெக்ட்ரீஷியன். விரலெல்லாம் கிரீஸ் என்பதால் வாரநாளில் புத்தகத்தைத் தொடவே மாட்டான். ஞாயிற்றுக்கிழமை மூன்று தரம் கை கழுவி, மடியில் துண்டு விரித்து, வாரம் ஒரு புத்தகம். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வசனம், வசனம் படித்துவிட்டு மறுபடி படம். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம். 'நத்தையே' என்று அவனைக் கூப்பிட்டுவந்தேன். இப்போது கூப்பிடுவதில்லை.

நான்கு புத்தகம், நான்கு தீர்ப்பு

அந்த மாதப் பார்சலில் நான்கு புத்தகங்கள். என் தீர்ப்புகளை அன்றே வழங்கிவிட்டேன். முதல் மூன்றை இப்போதும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

'கேப்டன் கொடுவாளும் மூடுபனித் தீவும்.' கடற்கொள்ளைக்காரர் கதை. தலைப்பில் மூடுபனி இருக்கிறது என்பதற்காகப் புத்தகத்தில் இருபது பக்கம் மூடுபனியையே வரைந்து வைத்தால் எப்படி? வெள்ளைத் தாள், நடுவில் 'யார் அங்கே?' என்று ஒரு வசனம். அடுத்த கட்டத்தில் வெள்ளைத் தாள், 'நான்தான்.' ஓவியருக்கு அந்த வாரம் கை சுளுக்கியிருக்க வேண்டும். ஆனால் பனி விலகியதும் ஒரு சுறாமீன் சண்டை வருகிறது பாருங்கள், பாத்ரூமில் எழுந்து நின்று கைதட்டினேன். பக்கத்து அறையில் இருந்தவர் இருமினார்.

'பாலைவனத்தில் பதினொருவர்.' பதினோரு பேருக்கும் ஒரே தொப்பி, ஒரே தாடை, ஒரே மூன்று நாள் தாடி. யார் நல்லவன், யார் கெட்டவன் என்று பத்தாம் பக்கத்திலேயே விட்டுவிட்டேன். கதாசிரியர் நல்ல மனிதர். நான்கு பக்கத்துக்கு ஒருவரைக் கொன்று எனக்கு உதவினார்.

'அஷ்ட வீரர்கள்.' எட்டு சூப்பர் ஹீரோக்கள், நாற்பத்தெட்டுப் பக்கம். ஆளுக்கு ஆறு பக்கம் என்று பாகப்பிரிவினை. எட்டுப் பேரும் தங்கள் சக்தியை அறிமுகம் செய்துகொண்டு முடிப்பதற்குள் வில்லனுக்கே சலித்துவிடுகிறது. ஒருவருக்கு மீன்களோடு பேசும் சக்தி. கதை நடப்பதோ எரிமலையில். பாவம், அந்த மனிதர் கடைசிவரை ஓரமாக நிற்கிறார். எங்கள் ஆபீஸ் மீட்டிங்குகளில் நான் நிற்பது போலவே. அவருக்காக மட்டும் இன்னொரு முறை படிப்பேன்.

நான்காவதுதான் 'வெண்கலப் பருந்து: பாகம் ஒன்று'.

மணிக்கூண்டு ரிப்பேர் செய்யும் ஒருவன் வெண்கலம் உருக்கும் வார்ப்படச் சாலைக் கொப்பரையில் விழுந்து, உடம்பெல்லாம் வெண்கலமாகி எழுந்து வருகிறான். நடந்தால் 'ணங்'. உட்கார்ந்தால் 'ணங்'. வெளிநாட்டில் பெரிய பெயர் வாங்கிய கதை. தமிழில் வருவதற்கு நாங்கள் நான்கு வருடம் ஆசிரியரை அரித்திருக்கிறோம். பின்னட்டையில் அவர் ஒரு குறிப்பு போட்டிருந்தார்: இதை மொழிபெயர்த்திருக்கும் ஜெயராணி புதியவர், இது அவருடைய முதல் புத்தகம்; வாசகர் கருத்துகளைப் பார்த்த பிறகே இரண்டாம் பாகத்தை அவரிடம் கொடுப்பதா என்று முடிவு செய்வேன்.

எனக்குக் கை அரித்தது.

நான் எழுதிய அற்புதம்

அந்த விமர்சனத்தின் முக்கியப் பகுதிகளை இங்கே தருகிறேன். எழுதும்போது நானே மூன்று இடத்தில் சிரித்தேன்.

'பருந்து கதவைத் திறக்கிறான். வெளியே சவப்பெட்டி. யாரோ இரேனாவாம். யார் இந்த இரேனா? தெரியாது. ஆனால் அவளுக்காகப் பதினாறு பக்கம் அழுகிறான். அடுத்து, செத்துப்போன இரேனாவை வில்லன் கடத்துகிறான். பிணத்தைக் கடத்தி என்ன செய்வான்? தெரியாது. அதற்கும் அடுத்து, செத்து, கடத்தப்பட்ட அதே இரேனா வந்து, "வணக்கம், என் பெயர் இரேனா" என்கிறாள்! வாம்மா, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய்?'

இதோடு விட்டிருக்கலாம். என் தனித்திறமை விடவில்லை.

'வெளிநாட்டுக் கதாசிரியர்கள் இப்போதெல்லாம் காலத்தை முன்னே பின்னே மாற்றிச் சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். "சில மாதங்களுக்கு முன்..." என்று மூலத்தில் நிச்சயம் ஒரு பெட்டி வசனம் இருந்திருக்கும். ஜெயராணி அம்மையார் அதை விழுங்கிவிட்டார். மேலும், பக்கத்துக்குப் பக்கம் "ணங்"! எவர்சில்வர் கடையில் எலி புகுந்துவிட்டதா?'

குழுவில் சிரிப்புப் படங்கள் கொட்டின. ஐந்து நிமிடத்தில் ஒருவர், 'நானும் படித்தேன், தலைகால் புரியவில்லை' என்றார். இன்னொருவர், 'சார் சொன்னது நூற்றுக்கு நூறு. அந்தப் பெட்டி வசனம் இல்லாதது பெருங்குறை' என்றார். மாலைக்குள் ஏழு பேர் அதையே வழிமொழிந்து, ஆசிரியருக்கும் தனித்தனியே அனுப்பிவிட்டார்கள்.

அன்று இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

மறுபடியும் மூங்கில் புதர்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் மனோகர் பருந்துக்கு வந்து சேர்ந்தான். எங்கள் குழுவிலேயே அந்தப் புத்தகத்தை உண்மையாகப் படித்த முதல் மனிதன் அவன்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு புத்தகத்தையும் புரட்டி, பக்கங்களை விரலால் எண்ணினான். பக்கம் முழுக்கப் படம் ஓடுவதால் எண் எதுவும் அச்சிடவில்லை. எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

"குரு, பதினாறு பதினாறு பக்கமாதான் அச்சடிச்சு மடிப்பாங்க. ஃபாரம்னு சொல்லுவாங்க. ஆறு ஃபாரத்த அடுக்கி தெச்சா புக்கு. உன்து மூணாவது ஃபாரம் அஞ்சாவது எடத்துல இருக்கு. அஞ்சாவது மூணாவதுல இருக்கு. பைண்டிங்ல மாத்தி வெச்சுட்டாங்க. அவ்ளோதான் மேட்டரு."

லிஃப்ட் தரைத்தளத்தில் மோதியது.

டெஸ்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. பிழை என்று கத்துவதற்கு முன்னால், அது மற்றவர் மெஷினிலும் வருகிறதா என்று பார். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் இந்தப் பாடத்தை நடத்துவது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். படம் போட்டு நடத்துவேன்.

"ஆனா மத்த ஏழு பேரும் அதையே சொன்னாங்களேடா! ஏழு பேர் புக்குமா மாறியிருக்கும்?"

மனோகர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அவனுங்க எங்க படிச்சானுங்க? உன் விமர்சனத்தப் படிச்சானுங்க."

புல்லில் மல்லாந்து படுத்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எது முந்துகிறது என்று நானே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது அடுத்த குண்டைப் போட்டான்.

"ஜெயராணி யாருன்னு தெரியுமா? எங்க ஏரியா பொண்ணு. ரெண்டு சந்து தள்ளி வீடு. பொம்மசந்திராவுல ஃபேக்டரில வேல. இந்த புக்குக்காக ஆறு மாசம் மாரடிச்சுது. நம்ம குரூப்புலயும் இருக்குது. நேத்து ஆசிரியருக்கு மெசேஜ் போட்டுடுச்சாம், ரெண்டாம் பாகம் வேற யாருக்காவது குடுங்க சார், எனக்கு வராதுன்னு."

உடனே ஆசிரியருக்கு போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"ஒங்களுக்கு நல்ல பிரதி மாத்தி அனுப்பிருதேன், அது பெரிசில்ல. அந்தப் பிள்ளை மாட்டேங்குதே சார்! நாஞ் சொல்லியும் கேக்கல. நாளைக்குச் சாயங்காலம் மூலப் பிரதிய யாருக்காவது அனுப்பியாவணும். அதுக்குள்ள அது சரின்னு சொன்னா அதுக்குத்தான். இல்லாட்டி பழைய ஆளு ரெடியா இருக்காரு."

பழைய ஆள் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஓர் உதாரணம்: குண்டு வெடித்தாலும் 'டமார்', குதிரை ஓடினாலும் 'டமார்', கதாநாயகி முத்தம் கொடுத்தாலும் சின்ன எழுத்தில் 'டமார்'.

அங்கேயே உட்கார்ந்து குழுவில் மன்னிப்புக் கடிதம் போட்டேன். 'என் பிரதியில் பக்கங்கள் மாறியிருந்தன. வெண்கலப் பருந்து அருமையான, அற்புதமான, தெள்ளிய மொழிபெயர்ப்பு. சகோதரி ஜெயராணி மன்னிக்க வேண்டும்.' இரண்டே நிமிடத்தில் அந்த ஏழு பேரில் ஒருவர் எழுதினார்: 'நானும் அப்போதே அருமை என்றுதான் நினைத்தேன்.'

மனோகர் தன் பிரதியைத் துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, கைக்குழந்தையைக் கொடுப்பது போல என்னிடம் கொடுத்தான். "நாளைக்கு மதியம் ஷிப்ட் முடிஞ்சு வெளிய வரும். போய் நேர்ல சொல்லு. கை கழுவிட்டுத் தொடு."

எவர்சில்வர் கடை அதிபர்

திங்கட்கிழமை. வயிற்று வலி என்று அரைநாள் லீவு. டீமில் இந்த முறை மூன்றாவது டாக்டர் நம்பர் கிடைத்தது.

பொம்மசந்திராவில் அந்த ஃபேக்டரி வாசலில், விமான நிலையத்தில் பெயர்ப் பலகை பிடிப்பவன் போலப் புத்தகத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஷிப்ட் முடிந்து நீலக் கோட்டுப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். ஒருத்தி நின்றாள். முப்பது வயது இருக்கும். அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏகாம்பரமா?"

"ஆமாங்க மேடம்."

"மேடம் இன்னாத்துக்கு? 'ஜெயராணி அம்மையார்'னு எழுதினீங்களே, அப்படியே கூப்புடுங்க. ஜோரா இருக்கும்."

கூட வந்தவள் கேட்டாள்: "யாருடி இது?"

"எனக்கு எவர்சில்வர் கடை வெச்சுக் குடுத்தவரு. எலிகூட இவரே சப்ளை பண்ணாரு."

பஸ் வந்தது. "எதுவா இருந்தாலும் பஸ்ல சொல்லுங்க. இத வுட்டா அரை மணி நேரம் நிக்கணும்." பெண் என்பதால் அவளுக்கு இலவச டிக்கெட். நான் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வாங்கினேன். பத்துப் பதினைந்து நிமிடப் பயணம். அதற்குள் மன்னிப்பு, விளக்கம், சமாதானம் மூன்றையும் முடித்துவிடலாம் என்று கணக்கு.

ஃபாரம் மூன்று, ஃபாரம் ஐந்து என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மனோகர் அண்ணன் நேத்தே சொல்லிச்சு. உங்க புக்கு தப்பு. சரி. அந்த ஏழு பேர் புக்கு?"

"அது எல்லாம் நல்ல பிரதிதான்."

"அப்புறம் எப்படி அவங்களுக்கும் புரியல?"

"அவங்க... படிக்கல."

தலையாட்டினாள். "நேத்து ஒண்ணு போட்டீங்களே. அருமை, அற்புதம், தெள்ளிய மொழிபெயர்ப்புன்னு. அதுக்கு எப்போ படிச்சீங்க?"

பஸ் ஒரு பள்ளத்தில் குதித்தது. நல்லவேளை, வாய் திறந்திருந்ததற்கு ஒரு காரணம் கிடைத்தது.

"திட்டுனதும் படிக்காம. புகழ்ந்ததும் படிக்காம," என்றாள். "திட்டுனதாவது பரவால்ல சார், சிரிப்பு வந்துச்சு. எங்க வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காமிச்சேன். எங்கம்மா அந்த 'வாம்மா, எங்கே போயிருந்தாய்'க்கு அப்படிச் சிரிச்சாங்க."

"அப்போ ஏன்மா வேணாம்னு சொன்னே?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "டீ டைம்ல எழுதினேன். இந்த பஸ்ல நின்னுக்கினே எழுதினேன். தொண்ணூத்தாறு பக்கம். நல்லா இல்லன்னு யாராவது சொன்னா திருத்திக்கலாம். ஒருத்தருமே படிக்கலன்னா யாருக்கு எழுதறது? மனோகர் அண்ணன் ஒருத்தருக்கா? அதுக்கு நான் அவங்க கடைக்கே போய் கதைய வாயால சொல்லிட்டு வந்துடுவேனே."

மனோகரின் துண்டை எடுத்து மடியில் விரித்தேன். குடிநீர் பாட்டிலைச் சாய்த்து விரல்களை நனைத்து, கைக்குட்டையால் துடைத்தேன்.

"இன்னா பண்றீங்க?"

"படிக்கிறேன்," என்றேன். "இப்போ. இங்கேயே."

வரிசையாக

கொப்பரை, விபத்து, வெண்கலம். இதுவரை நான் படித்ததுதான். ஆனாலும் தாண்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் என்னை இவ்வளவு கவனமாக எந்த டாக்டரும் பார்த்ததில்லை.

கதவு தட்டப்பட்டது. பருந்து திறந்தான். "வணக்கம், என் பெயர் இரேனா. உங்கள் சத்தத்தால் மூன்று நாளாகத் தூக்கமில்லை. கீழ் வீட்டில் இருக்கிறேன்."

வாய்விட்டுச் சிரித்தேன். முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார்.

அவன் எப்படி நடந்தாலும் 'ணங்' கேட்கிறது. காலில் துணி சுற்றுகிறான், ணங். பூனை மாதிரி நடக்கிறான், சின்னதாக ஒரு ணங். கடைசியில் இரேனா சலித்துப்போய் அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைக்கிறாள். அந்தக் கட்டத்தில் எழுத்தே இல்லை. மணியைத் தொட்டால் நாதம் நின்றுவிடும் இல்லையா, அந்த மாதிரி. அதற்குப் பிறகு அவன் உடம்பு அதிரும்போதெல்லாம் அவள் கை வந்துவிடுகிறது.

"இந்த ணங்..." என்று இழுத்தேன்.

"எங்க ஃபேக்டரில பித்தள வால்வு செக் பண்றேன் சார். ஒவ்வொரு பீஸையும் தட்டிப் பாக்கணும். நல்ல பீஸு ணங்குனு சொல்லும். விரிசல் வுட்டிருந்தா டொக்குனு சொல்லும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவ கேக்கறேன், அத வெச்சுத்தான் போட்டேன். பேசாதீங்க, படிங்க."

படித்தேன். டாக்டர் அமிலம் என்ற வில்லன் வந்தான், இரேனாவைக் கடத்தினான். மேம்பாலத் தூண்கள் ஜன்னலில் ஓடின. கண்டக்டர் ஏதோ நிறுத்தத்தின் பெயரை இரண்டு தரம் கூவியதாக ஞாபகம்.

அப்புறம் அந்தச் சவப்பெட்டி.

பருந்து அதன் முன்னால் முழங்காலிட்டு விழுகிறான். விழுந்த இடத்தில் 'ணங்' என்று ஆரம்பிக்கிறது. அது நிற்கவில்லை. 'ங்' என்ற எழுத்து அந்தக் கட்டத்தைத் தாண்டி, அடுத்த கட்டத்துக்குப் போய், பக்கத்தைத் தாண்டி, சுடுகாட்டில், வீட்டில், காலியான நாற்காலியின் மேல், பக்கம் பக்கமாக மெலிந்துகொண்டே போகிறது. நிறுத்துவதற்குக் கை இல்லை.

பதினாறு பக்கம் அழுகிறான் என்று கிண்டல் செய்திருந்தேன். இன்னும் பத்துப் பக்கம் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

"கண்ல தூசி," என்றேன்.

"ஜன்னல் மூடியிருக்கு சார்."

கைக்குட்டையால் முதலில் புத்தகத்தின் ஓரத்தைத் துடைத்தேன், மனோகர் கொன்றுவிடுவான். பிறகுதான் முகம். ஜெயராணியின் உதட்டோரத்தில் என்னவோ ஆடியது. வெளியே பார்த்தேன். பொம்மனஹள்ளி. எலெக்ட்ரானிக் சிட்டி எப்போதோ பின்னால் போய்விட்டது.

"சரி, இப்ப குறை சொல்லுங்க," என்றாள்.

"குறையா? ஒண்ணும் இல்லம்மா."

"படிச்சவங்களுக்குக் குறை இருக்கும். இல்லன்னா மறுபடி படிக்காமப் புகழறீங்கன்னு அர்த்தம்."

யோசித்தேன். உண்மையிலேயே ஒன்று இருந்தது.

"அந்த டாக்டர் அமிலம். படிச்ச மனுஷன், லேபரட்டரில வேலை செய்யறவன். அவன் போய், 'அற்பப் பதரே, உன்னை அழித்தொழிப்பேன்'னு நாடகக் கம்பெனி மாதிரி பேசறானே. எல்லாரும் சாதாரணமாப் பேசறப்போ இவன் மட்டும் ஒட்டலை."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணில் அதுவரை இல்லாத ஒரு வெளிச்சம்.

"இன்னா சார் பேசறீங்க? வில்லன் அப்படித்தான் பேசணும்! பின்ன, 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் பொறுத்துக்கோ, உன்ன கொல்லணும்'னா பேசுவான்?"

"அதுக்காகப் பதரேன்னா? இந்தக் காலத்துல யாரு பதரேங்கறா?"

"அவன் அம்பது வருஷமா பூமிக்கடியில ஒளிஞ்சிருந்தவன் சார்! வெளிய தமிழ் மாறினது அவனுக்கு எப்படித் தெரியும்? அதான் அப்படிப் போட்டேன். யோசிச்சுப் போட்டது அது!"

"அது வாசகனுக்கு எங்கே தெரியுது?"

"தெரியலையா?"

"தெரியலை."

"அப்போ அடுத்ததுல தெரியவெக்கறேன்," என்று சட்டென்று சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவள் போல ஒரு நொடி நிறுத்தினாள். முன் சீட்டு அம்மா முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு சொல்றதுதாம்ப்பா சரி," என்றார்.

ஜெயராணி போனை எடுத்தாள். தட்டத் தட்ட, எனக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

"ஆசிரியர் ஐயா, ரெண்டாம் பாகம் எனக்கே அனுப்புங்க. வில்லன் எப்படிப் பேசணும்னு ஒருத்தருக்குக் காட்ட வேண்டியிருக்கு."

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா பாக்கறீங்க? இன்னும் பதினாறு பக்கம் இருக்கு. படிங்க."